கண்ணாடித் தொட்டியில் 'வித்தவுட்' பயணிகள்

ரயிலில் டிக்கெட் எடுக்காமல் ஏறுகிறவரை நம்மவர்கள் 'வித்தவுட்' என்பார்கள். முப்பத்தெட்டு ஆண்டுகள் ரயில்வேயில், தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். டிக்கெட் பரிசோதிப்பது என் வேலையாக ஒருநாளும் இருந்ததில்லை. ஓய்வு பெற்ற பின்பு அந்த வேலையும் என் தலையில் விழுந்தது. டோம்பிவிலியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கும் கடல்நீர் மீன்தொட்டியில், நாங்கள் அழைக்காமலும் காசு கொடுத்து வாங்காமலும் தாமாகவே வந்து குடியேறிவிட்ட உயிரினங்களை, 'நீ யார்? எப்படி வந்தாய்? உன்னால் நன்மையா, தீமையா?' என்று விசாரிக்கும் வேலைதான் அது.

நம் சங்கத்துக் குடும்பங்கள் சிலவற்றில் இப்போது இத்தகைய தொட்டிகள் வந்துவிட்டன. பெரும்பாலும் மகனோ மருமகளோ ஆசைப்பட்டு வாங்குகிறார்கள். அவர்கள் அலுவலகம் போனபின் பார்த்துக்கொள்வது தாத்தா பாட்டிதான். அவர்களுக்கும் பேரன் பேத்திகளுக்கும் பயன்படட்டும் என்று, நான் பட்டுத் தெரிந்துகொண்டதைப் பாடமாக எழுதுகிறேன்.

தொட்டியும் பயணிகளும்

எங்கள் தொட்டி 3 அடி நீளம், 1½ அடி அகலம், 1½ அடி உயரம். விளிம்புவரை நிரப்பினால் ஏறக்குறைய 190 லிட்டர். ஆர்.ஓ. தண்ணீரில் கடலுப்புக் கலவையைக் கரைத்து, ஒப்படர்த்தி 1.025 இருக்குமாறு வைத்திருக்கிறோம். உள்ளே செயற்கைப் பாறை, மணல், மென்பவளத் துண்டுகள் சில, நத்தைகள், இரண்டு கோமாளி மீன்கள்.

செயற்கைப் பாறைதானே, புழு பூச்சி எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் மென்பவளத் துண்டு ஒட்டியிருக்கும் சிறு வில்லையின் அடியில் முட்டை இருக்கலாம். நத்தையின் ஓட்டில் குழாய்ப்புழு ஒட்டியிருக்கலாம். கடற்பாசிக் கொத்துக்குள் நண்டுக்குஞ்சு ஒளிந்திருக்கலாம். கடையிலிருந்து கொண்டுவரும் ஒரு கரண்டி மணலில்கூட நூறு பயணிகள் இருப்பார்கள்.

நான் செய்த தவறு

ஒருநாள் இரவு மின்சாரம் போய்விட்டது. ஒன்பது வயதுப் பேத்தி டார்ச் விளக்கைத் தொட்டிப் பக்கம் திருப்பியவள், "தாத்தா, கீடா! எத்தனை கீடா!" என்று கத்தினாள். இங்கே பிறந்த குழந்தை; பயந்தால் இந்திதான் முதலில் வரும். போய்ப் பார்த்தேன். பாறை இடுக்குகளிலிருந்து இளஞ்சிவப்புப் புழுக்கள் டஜன் கணக்கில் வெளியே வந்து மேய்ந்துகொண்டிருந்தன. விரல் நீளம், இரு பக்கமும் முடி.

மறுநாள் தெரிந்தவர் ஒருவரிடம் விசாரித்தேன். நாய்க்குக் கொடுக்கும் குடற்புழு மருந்தைக் கரைத்து ஊற்றினால் ஒரே நாளில் ஒழிந்துவிடும் என்றார். ஊற்றினேன். அவர் சொன்னது பொய்யில்லை, புழுக்கள் ஒழிந்தன. ஆனால் பாறைக்குள்ளும் மணலுக்குள்ளும் செத்த நூற்றுக்கணக்கான புழுக்கள் அங்கேயே அழுகின. மஞ்சளாக இருக்க வேண்டிய அம்மோனியா சோதனைக் குப்பி பச்சையாக மாறியது. மூன்று நாட்கள், நாளுக்கு 40 லிட்டராகத் தண்ணீர் மாற்றினேன். நத்தைகள் பல செத்தன. இரண்டு கோமாளி மீன்களில் ஒன்று போய்விட்டது.

செத்த மீனைக் கையில் வைத்துக்கொண்டு பேத்தி கேட்டாள்: "அந்தப் புழு என்ன தாத்தா தப்பு பண்ணிச்சு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அதுதான் வெட்கம். என் பணிக்காலத்தில் தண்டவாளத்தில் ஒரு கீறல் தெரிந்தால் உடனே அறுத்து எடுத்துவிட மாட்டோம். மேல் கீறலா, உள் விரிசலா என்று அல்ட்ராசோனிக் கருவியால் சோதித்து, வகைப்படுத்தி, அதன்பின்தான் முடிவு. அந்த ஒழுங்கை வீட்டில் மறந்துவிட்டேன்.

பின்னர் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டது இது. அவை பிரிஸ்டில் புழுக்கள். மீன் தின்றது போக மிஞ்சிய தீவனம், செத்த நத்தை, கழிவு ஆகியவற்றைத் தின்று தொட்டியைச் சுத்தம் செய்பவை. நம் கேங்மேன்களைப் போல, இரவில் வேலை பார்த்துவிட்டு யார் கண்ணிலும் படாமல் இருப்பவை. அவை பெருகியதற்குக் காரணம் நாங்கள்தான். பேத்தி காலையில், மனைவி மதியம், நான் இரவில் என்று மூன்று பேரும் மீனுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தோம். தீனியை ஒருவேளையாகக் குறைத்திருந்தால் புழுக்களும் தாமாகக் குறைந்திருக்கும். நோயை விட்டுவிட்டு அடையாளத்தை அழித்தேன்.

விசாரணை முறை

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு விதி: பெயர் தெரியாமல் தண்டனை இல்லை. புதிதாக ஏதாவது கண்ணில் பட்டால் கீழ்க்கண்ட வரிசையில் விசாரணை நடக்கும்.

முதலில், எப்போது, எங்கே கண்டோம் என்று நோட்டில் குறிக்க வேண்டும். பகலிலா இரவிலா, பாறையிலா மணலிலா கண்ணாடியிலா.

இரண்டாவது, இரவு ரோந்து. விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து, டார்ச்சின் மேல் சிவப்பு வண்ணக் காகிதம் சுற்றிப் பார்க்க வேண்டும். தண்ணீர் சிவப்பு ஒளியைத்தான் முதலில் விழுங்கும்; ஆகவே கடல் உயிர்களில் பலவற்றுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. வெள்ளை ஒளியில் ஓடி ஒளிபவை சிவப்பு ஒளியில் சாவகாசமாக நடமாடும்.

மூன்றாவது, அளவு. கண்ணாடியில் ஒரு ஸ்கேலை ஒட்டிவைத்து, செல்போனில் படம் எடுக்க வேண்டும். பயந்த கண்ணுக்கு எல்லாப் புழுவும் பாம்பாகத்தான் தெரியும்.

நான்காவது, உடலமைப்பு. உடல் வளையம் வளையமாக இருந்தால் புழு. இலைபோல் தட்டையாக வழுக்கிச் சென்றால் தட்டைப்புழு. நடுவிலிருந்து கரங்கள் பிரிந்தால் நட்சத்திர மீன் குடும்பம். தண்டின் உச்சியில் உணர்கொம்புகள் வட்டமாக இருந்தால் கடல் சாமந்தி வகை. மூட்டுள்ள கால்கள் இருந்தால் இறால், நண்டு வகை. இந்த ஐந்து கேள்வியிலேயே பாதி அடையாளம் தெரிந்துவிடும்.

ஐந்தாவது, நடத்தை. ஒரு வாரம் கவனியுங்கள். எதைத் தின்கிறது? எண்ணிக்கை கூடுகிறதா? பக்கத்துப் பவளம் சுருங்குகிறதா? சந்தேகம் பலமாக இருந்தால் மட்டும் பிடித்து, தனிப் பாட்டிலில் கடல்நீரோடு வைத்துப் பாருங்கள்.

சாதுக்கள்

கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகள் ஓடினால் அவை பெரும்பாலும் கோபிபாட்கள். ஊசிமுனை அளவுதான். இறால், நண்டுகளின் சிறிய உறவினர். மீனுக்கு இதைவிட நல்ல தீனி கடையில் கிடையாது. மாண்டரின் மீன் என்னும் அழகுமீன் பெரும்பாலும் இவற்றை நம்பியே உயிர் வாழ்கிறது. இவற்றைவிடச் சற்றுப் பெரிதாய், வளைந்த முதுகோடு பாசிக்குள் பாய்ந்தோடுபவை ஆம்ஃபிபாட்கள். இரண்டும் இருப்பது தொட்டி நன்றாக இருப்பதற்கு அடையாளம்.

மெல்லிய நீண்ட கரங்களைப் பாறை இடுக்கிலிருந்து வெளியே நீட்டி ஆட்டுபவை குட்டி பிரிட்டில் ஸ்டார்கள். மிச்சம் மீதியைத் தின்பவை. தொந்தரவில்லை.

சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய, சாம்பல் நிற நட்சத்திர மீன்கள் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் அவை ஆஸ்டரினா வகை. ஒரு கரம் நீளம், ஒரு கரம் குட்டை என்று கோணலாக இருக்கும். காரணம், இவை இரண்டாகப் பிளந்தே பெருகுகின்றன. பிளந்த பாதியில் புதுக் கரம் முளைத்துக்கொண்டிருக்கும். பெரும்பாலும் பாசிப்படலம் மேய்பவை. சில வகை பவளப் பூச்சிகளைக் கடிப்பதுண்டு. ஆகவே எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

துளையிலிருந்து பழுப்பு நிறத்தில் யானைத் துதிக்கை போல ஒன்று நீண்டு, மணலைத் தடவிவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டால் அது நிலக்கடலைப் புழு. சுருங்கினால் கடலை வடிவில் இருப்பதால் அந்தப் பெயர். பரம சாது.

பிரிஸ்டில் புழுவும் சாதுதான். ஆனால் வெறும் கையால் தொடாதீர்கள். அதன் முடிகள் கண்ணாடி நார்போல் தோலில் ஏறிவிடும். ஏறிவிட்டால் ஒட்டும் டேப்பை ஒட்டிப் பிய்த்தெடுங்கள். வீங்கினால் மருத்துவரைப் பாருங்கள்.

இதன் முரட்டு உறவினன் நெருப்புப்புழு. உடல் தடித்து, வெள்ளை முடிகள் கொத்துக் கொத்தாகப் பஞ்சுபோல் விரிந்து, பக்கத்தில் செந்நிறச் செவுள்கள் தெரியும். அட்லாண்டிக், மத்தியதரைக் கடல்களைச் சேர்ந்த அந்த வகை பவளத்தைத் தின்னும்.

தொல்லைக்காரர்கள்

முதலிடம் ஐப்டேசியாவுக்கு. கடல் சாமந்தி வகை. பழுப்பு நிறக் கண்ணாடித் தண்டு, உச்சியில் கூரிய மெல்லிய உணர்கொம்புகள், தொட்டால் நொடியில் துளைக்குள் மறைவு. பார்க்க அழகு, பக்கத்துப் பவளத்தைக் கொட்டும். இதைப் பிய்த்தெடுக்க முயல்வதுதான் எல்லோரும் செய்யும் தவறு. பாறையில் ஒட்டியிருக்கும் துணுக்கு ஒவ்வொன்றும் ஒரு புதுச் செடியாகும். ஒன்றைப் பிய்த்தால் பத்து. தூய கால்சியம் ஹைட்ராக்சைடைக் குழைத்து ஊசிக்குழலால் அதன் வாயில் விடுவது ஒரு வழி. நம் வெற்றிலைச் சுண்ணாம்பின் இனம்தான். அதற்காகப் பாட்டியின் சுண்ணாம்பு டப்பாவைத் திறந்துவிடாதீர்கள், அதில் வேறு பொருளும் கலந்திருக்கலாம். பம்பை நிறுத்தி, கையுறை போட்டுச் செய்ய வேண்டும். காரம் ஏறிவிடும், ஆகையால் ஒருநாளைக்கு மூன்று நான்குக்கு மேல் வேண்டாம். பெப்பர்மின்ட் இறால் இதை விரும்பித் தின்பதுண்டு.

அடுத்தது வெர்மெடிட் நத்தை. நத்தை என்றாலும் நகராது. பாறையில் கெட்டியான குழாய் கட்டிக்கொண்டு, சிலந்தி வலைபோல் பிசின் நூலை வீசி இரை பிடிக்கும். அந்த நூல் படும் பவளம் சுருங்கும். குழாய் கையைக் கிழிக்கும். குழாயை உடைத்து, வாயைச் சூப்பர் குளூ ஜெல்லால் அடைத்துவிடலாம். இதையும், ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் வெள்ளைச் சங்குச் சுருள்போல் கண்ணாடியில் ஒட்டும் குழாய்ப்புழுவையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது சாது.

துருப்பிடித்த நிறத்தில் சில மில்லிமீட்டர் தட்டைப்புழுக்கள் படர்ந்தால் அவசரப்பட்டு மருந்து ஊற்றாதீர்கள். அவை கூட்டமாகச் செத்தால் நச்சு வெளிப்படும். முதலில் குழாய் வைத்து உறிஞ்சி எண்ணிக்கையைக் குறைத்து, கரித்தூளும் மாற்றுத்தண்ணீரும் தயாராக வைத்துக்கொண்டு பிறகே மருந்து. என் கதையைப் படித்தபின் இதை விளக்க வேண்டியதில்லை.

நண்டைப் பிடித்தால் கொடுக்கின் நுனியைப் பாருங்கள். கரண்டி போலக் குழிந்திருந்தால் பெரும்பாலும் பாசி மேய்வது. கூர்மையாகவும் கருமையாகவும் இருந்தால் சந்தேகிக்க வேண்டியவர். நண்டு எல்லாமே கெட்டவை என்றும் நினைக்க வேண்டாம். டிரபீசியா என்னும் சிறு நண்டு கடலில் பவளக் கிளைகளுக்குள் குடியிருந்து, பவளத்தைத் தின்ன வரும் முள்கிரீட நட்சத்திர மீனையே விரட்டியடிக்கும்.

சத்தம் கேட்டால்

இரவில் தொட்டியிலிருந்து 'டக், டக்' என்று கேட்டால் இருவரில் ஒருவர். பிஸ்டல் இறால் தன் பெரிய கொடுக்கை வேகமாக மூடும்போது தண்ணீரில் ஒரு குமிழி உண்டாகி உடைகிறது, அதுதான் சத்தம். பம்பு விசிறிகளை அரித்துத் தின்னும் 'கேவிடேஷன்' நம் இன்ஜினியர்களுக்குத் தெரியும். அதே தத்துவம்! பெரும்பாலும் பெரிய தொந்தரவு இல்லாதவர். ஒரு ஜோடி காபி மீனோடு ஒரே வளையில் குடும்பம் நடத்தும் வகைகளும் உண்டு.

மற்றவர் மாண்டிஸ் இறால். கும்பிடுபூச்சி போல முன்கை மடித்திருக்கும். அடிக்கும் வகைகளில் ஒன்றின் கைவீச்சு வினாடிக்கு 23 மீட்டர் வரை என்று 2004இல் வெளியான ஆய்வில் அளந்திருக்கிறார்கள். அதாவது மணிக்குச் சுமார் 83 கிலோமீட்டர். நம் லோக்கல் ரயிலின் வேகம்! நத்தை, நண்டு, மீன் எதுவும் மிஞ்சாது. சிறு பொறி வைத்து அல்லது அவர் குடியிருக்கும் பாறையையே வெளியே எடுத்துத்தான் பிடிக்க வேண்டும். கைவிரலை நீட்ட வேண்டாம்.

கண்ணுக்குத் தெரியாமல் வளர்பவர்களும் உண்டு. இங்கிலாந்தில் நியூகே நகரின் மீன்காட்சியகத்தில் 2009இல் பவளங்கள் துண்டாகிக் கிடந்தன. பாறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தபோது சுமார் நான்கடி நீளப் புழு ஒன்று கிடைத்தது. இந்தக் குடும்பத்துப் புழுவின் தலையில் ஐந்து உணர்கொம்புகள் இருக்கும். உடல் வானவில்போல் மின்னும். ஆகவே புழு என்றால் முதலில் தலையைப் பாருங்கள்.

உயிருக்கே ஆபத்தானது

இந்தப் பகுதியை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். பாறையில் பொத்தான் பூக்கள்போல் கூட்டமாகப் பழுப்பு நிறத்தில் ஒன்று தானாக முளைத்திருந்தால் அது பாலிதோவாவாக இருக்கலாம். அதன் சில வகைகளில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. அதைத் தேய்ப்பதும், வெந்நீர் ஊற்றுவதும், பாறையோடு கொதிக்க வைப்பதும் கூடாது. ஆவியோடு நஞ்சு மூச்சில் ஏறும். அமெரிக்காவின் அலாஸ்காவில் 2012-2014 காலத்தில் இப்படிப் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி அந்நாட்டுச் சுகாதாரத் துறை பதிவு செய்திருக்கிறது. 2018இல் இங்கிலாந்தில் தொட்டியைச் சுத்தம் செய்யப்போய் ஒரு குடும்பமே மருத்துவமனை போனது. ஏதோ பூச்சி, வெந்நீர் ஊற்றினால் சாகும் என்பது நம் வீடுகளில் சகஜமான வைத்தியம். இங்கே அது ஆகாது. கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள். குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

லைன் கிளியர்

முன்னால் பாதை காலி என்று உறுதியாகாமல் ரயிலை அனுப்ப மாட்டோம். அதற்கு 'லைன் கிளியர்' என்று பெயர். தொட்டிக்கும் அதுவே. இப்போது நாங்கள் எதை வாங்கினாலும் முதலில் 20 லிட்டர் தனித்தொட்டியில் ஆறு வாரம் வைக்கிறோம். பவளத் துண்டை அதற்கான மருந்துக் குளியலில் முக்கி எடுக்கிறோம். குளியலில் முட்டைகள் சாகா. ஆகவே அடி வில்லையைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதில் ஒட்டுகிறோம்.

வேண்டாத உயிரையோ பாசியையோ கடலிலும் கழிமுகத்திலும் விடக் கூடாது. மீன்தொட்டிகளில் வளர்த்த காலர்ப்பா டாக்சிஃபோலியா என்னும் பாசி 1984இல் மொனாக்கோ கடற்கரையில் காணப்பட்டு, மத்தியதரைக் கடலில் ஆயிரக்கணக்கான ஹெக்டேர் பரவியது. 2000இல் கலிஃபோர்னியாவிலும் தலைகாட்டியது. அங்கே ஆறு ஆண்டுகள் பாடுபட்டு ஒழித்தார்கள்.

ஊருக்குப் போகும்போது

கோடை விடுமுறையில் ராமேசுவரம், தூத்துக்குடிப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. "தொட்டிக்கு நல்லா இருக்கும்" என்று பவளக்கல்லைப் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். அந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள 21 தீவுகளைச் சேர்த்துத்தான் 1986இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. உயிரோடிருந்தாலும் செத்துக் காய்ந்ததானாலும் எடுப்பது குற்றம். மண்டபம், பரங்கிப்பேட்டை ஆய்வு நிலையங்களில் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் முறையைக் கண்டிருக்கிறார்கள். கடலில் பிடித்ததை விட்டு, பண்ணையில் பிறந்த மீனைக் கேட்டு வாங்குங்கள்.

குழந்தைகளுக்குப் பயிற்சி

1. கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகள் குதித்துக் குதித்து ஓடுகின்றன. மீன் கொத்தித் தின்கிறது. இது யார்? என்ன செய்வாய்?

2. பாறையில் கெட்டிக் குழாய். வாயிலிருந்து பிசின் நூல் மிதக்கிறது. யார்?

3. பழுப்புத் தண்டு, கூரிய உணர்கொம்பு. அண்ணன் பிய்த்துப் போட்டான். அடுத்த வாரம் ஐந்து முளைத்தன. யார்? அண்ணன் செய்த தவறு என்ன?

விடைகள்: 1. கோபிபாட், சும்மா விட்டுவிட வேண்டும். 2. வெர்மெடிட் நத்தை. 3. ஐப்டேசியா, பெயர் தெரியாமல் கை வைத்தது.

எங்கள் விசாரணை நோட்டை இப்போது பேத்திதான் எழுதுகிறாள், தமிழில். பள்ளியில் தமிழ் இல்லாத குழந்தைக்கு இதுவே எழுத்துப் பயிற்சியாகிவிட்டது. 'புழு'வுக்கு வரும் ழகரத்தை முதலில் லகரமாக எழுதியவள், இப்போது சரியாக எழுதுகிறாள். சென்ற மாதம் பாறை இடுக்கில் மறுபடி ஒரு பிரிஸ்டில் புழு தலை காட்டியது. நோட்டில் தேதி, நேரம், நீளம் எல்லாம் குறித்துவிட்டு, கடைசியில் அவளாகவே ஒரு வரி சேர்த்திருந்தாள்: "வேலைக்கு வந்திருக்கிறது. விட்டுவிடவும்."